தோல் ஷாப்பு, கிச்சனர்

டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கிச்சனர்–வாட்டர்லூ வந்துவிடும். நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரைப் பல்கலைக்கழகத்தால் தெரியும். பிள்ளையை கோ-ஆப் படிப்பில் சேர்க்க வந்து, ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். மீதிப் பேர் கோடையில் செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைக்கு வந்து, மெனோனைட் மக்களின் குதிரை வண்டியைப் பார்த்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவார்கள். கிச்சனர் டவுன்டவுனில் நிற்பவர்கள் குறைவு. நின்றாலும் சார்ல்ஸ் தெருவும் விக்டோரியா தெருவும் சந்திக்கிற மூலையில் இருக்கும் பெரிய செங்கல் கட்டடத்தை ஏதோ பழைய மில் என்று கடந்துவிடுவார்கள்.

அதன் பெயர் 'தி டேனரி'. பத்து வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்தின் கம்ப்யூட்டர் தொழிலுக்கு அதுதான் நடுவீடு. கம்யூனிடெக் என்ற அமைப்பின் இன்னொவேஷன் ஹப் அங்கே 2010இல் திறந்தது. கூகுள் சில வருடம் அங்கே இருந்தது. டிசயர்டூலேர்ன் என்ற கல்வி மென்பொருள் கம்பெனி அங்கே வந்தது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் வெலாசிட்டி என்கிற ஸ்டார்ட்அப் பட்டறையும் அங்கேதான் வளர்ந்தது. இந்த ஊர் இன்ஜினியர்கள் பேச்சில் "டேனரியில மீட்டிங்", "டேனரியில டெமோ", "டேனரி பக்கம் வந்தா காபி சாப்பிடலாம்" என்று அந்தப் பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் தோல் பதனிடும் ஆலை. எங்கள் திண்டுக்கல் பேச்சில் தோல் ஷாப்பு.

ஊரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1916 வரை இந்த ஊரின் பெயர் பெர்லின். ஜெர்மன் குடியேறிகள் கட்டிய ஊர். முதல் உலகப் போர் நடுவே ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று ஓட்டெடுப்பு நடத்தி, அந்த வருடம் கடலில் மூழ்கி இறந்த பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அவர் அதற்கு முன் இந்தியாவில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர். அதாவது, நாம் விமானம் ஏறிப் பெருங்கடல் தாண்டி வந்து சேர்ந்த ஊருக்கும் நம்மை ஆண்ட ஆளின் பெயர்தான்.

ரெய்ன்ஹோல்ட் லாங் என்ற ஜெர்மன்காரர் பெர்லினில் தோல் பதனிடத் தொடங்கியது 1849இல். பிறகு பிள்ளைகள் கையில் அது பெரிதாகி 'லாங் டேனிங் கம்பெனி' ஆனது. செருப்பு அடிப்பாகத்துக்கான தடித்த தோலும், குதிரைச் சேணத் தோலும் அதன் சரக்கு. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே பெரிய ஆலைகளில் ஒன்று என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். அதைச் சுற்றி ஊர் முழுக்கத் தொழிற்சாலைகள்: பட்டன், மேஜை நாற்காலி, ரப்பர், ஷூ, இறைச்சி. எல்லாம் நடந்து போகும் தூரம். இரண்டு நிமிடம் தள்ளி, கிங் தெரு முனையில் காஃப்மன் ரப்பர் ஆலை. டெட்ராய்ட் கார் ஆலைகளால் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வரைந்தது. நீங்கள் பனிக்காலத்தில் போடுகிற சோரல் பூட்ஸ் அந்தக் காஃப்மன் கம்பெனியில் பிறந்த பெயர்தான்.

அடிப்பாகத் தோலை மரப்பட்டைச் சாற்றில் பதனிடுவது மாதக்கணக்கில் ஆகிற வேலை. பச்சைத் தோலை ஊறவைக்கணும், சுண்ணாம்பில் போட்டு மயிரை உரிக்கணும், சதையைச் சீவணும், பிறகு குழி குழியாக, நீர்த்த சாற்றிலிருந்து கெட்டிச் சாற்றுக்கு மாற்றிக்கொண்டே போகணும். நம் ஊரில் ஆவாரம்பட்டை, கடுக்காய். வட அமெரிக்காவில் ஹெம்லாக், ஓக் மரப்பட்டை. செய்முறை ஒன்றேதான். நாற்றமும் ஒன்றேதான் இருந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குதிரை போய்விட்டது. செருப்பின் அடிப்பாகத்துக்கு ரப்பரும் செயற்கைப் பொருளும் வந்துவிட்டன. லாங் ஆலை 1954இல் மூடியது. இன்னொவேஷன் ஹப் திறந்தது 2010இல். இடையில் 56 வருடம்.

இந்த 56 வருடத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பழைய ஆலையைப் புதுமை மையமாக மாற்றிய கதைகளில் எப்போதும் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: கறுப்பு வெள்ளையில் ஏப்ரன் கட்டிய மீசைக்காரர்கள், கலரில் லேப்டாப் வைத்த இளைஞர்கள். ஒருவர் இன்னொருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது போல. நடுவில் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்து ரிட்டயராகியிருக்கிறது. அவ்வளவு காலமும் கட்டடம் கிடங்காகவும், குறைந்த வாடகைக்குச் சிறு தொழில்களுக்கு இடமாகவும் கிடந்தது. யாருக்கும் இடிக்கிற அளவுக்கு அதன் மேல் ஆசை வரவில்லை. அதனால்தான் தப்பியது என்பது என் அபிப்பிராயம். பணம் கொழித்த ஊர்களில் இப்படிப்பட்ட கட்டடங்கள் 70களிலேயே பார்க்கிங் மைதானமாகிவிட்டன.

மாற்றம் தானாக நடக்கவில்லை. 90களில் ஊர் நடுவிலிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. காஃப்மன் 2000இல் திவாலானது. 2004இல் கிச்சனர் நகர சபை ஒரு தைரியமான முடிவு எடுத்தது: 10 வருடத்தில் 110 மில்லியன் டாலர் பொருளாதார வளர்ச்சி நிதி, அதுவும் மக்கள் கட்டும் சொத்து வரியை நம்பி. அதில் 30 மில்லியன் டாலர் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளியை டவுன்டவுனுக்குக் கொண்டுவரப் போனது. பழைய ரப்பர் ஆலை இருந்து வெறும் பொட்டலாகிவிட்ட நிலத்தில், டேனரிக்குப் பக்கத்திலேயே, அது எழுந்தது. படித்தவர்கள் நடமாட ஆரம்பித்ததும் கேடன் என்ற கம்பெனி டேனரியை வாங்கிப் புதுப்பித்தது. மாகாண அரசும் மத்திய அரசும் ஹப்புக்குப் பணம் போட்டன. பக்கத்து நகரமான வாட்டர்லூவில் ஆராய்ச்சிப் பூங்காவில் இருந்த கம்யூனிடெக் இங்கே குடிவந்தது. தனியார் துணிச்சல், ஸ்டார்ட்அப் வேகம் என்றெல்லாம் பிறகு சொல்லிக்கொண்டாலும், முதல் பந்தயம் கட்டியது வரி கட்டுகிற சாதாரண ஜனங்கள்.

நான் வாட்டர்லூவில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு 2014இல் அந்தக் கட்டடத்துக்குள் வேலைக்குப் போனேன். ஆறு பேர் கொண்ட ஒரு குட்டிக் கம்பெனி. தடித்த மர உத்திரங்கள், உரித்துவிட்ட செங்கல் சுவர், மேலே வெளியே தெரிகிற குழாய்கள். குளிர்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கால் விறைக்கும். இந்த அலங்காரத்தை இப்போது உலகம் முழுக்க ஆபீஸ்களில் காசு கொடுத்துப் போலியாகச் செய்கிறார்கள்; இங்கே அசல்.

ஹப் என்றால் என்ன என்று உறவினர்கள் கேட்பார்கள். வாடகைக்கு விட்ட ஆபீஸ்தானே? ஒரு வகையில் ஆமாம். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். எங்கள் வரிசைக்கு எதிரே இருந்த டீம் மூன்று மாதம் மண்டையை உடைத்துத் தீர்த்த பிரச்சினையை நாங்கள் ஒரு மதிய சாப்பாட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கனடியன் டயர், டிடி வங்கி, மேனுலைஃப், தாம்சன் ராய்ட்டர்ஸ் மாதிரியான பெரிய கம்பெனிகள் அங்கே சின்ன லேப் வைத்திருந்தன. டொராண்டோவில் இருந்தால் அவர்களைச் சந்திக்க ஆறு மாதம் மெயில் போடணும். இங்கே காபி வரிசையில் முன்னாடி நிற்பார்கள். கம்பெனி நடத்தி விற்று அனுபவப்பட்டவர்கள் வாரத்தில் ஒருநாள் வந்து உட்கார்ந்து, உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு "இது தேறாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அது பெரிய உதவி.

நான் சேர்ந்த கம்பெனி தேறவில்லை. இரண்டாவது வருடக் கடைசியில் மூடினார்கள். கடைசி மாதச் சம்பளம் இழுபறியானது. ஆனால் அடுத்த புதன்கிழமையே அதே மாடியில் வேறொரு டீமோடு டீ குடித்தேன், அடுத்த மாதம் அங்கேயே சேர்ந்தேன். வேலை போய் வேலை கிடைத்தது. பார்க்கிங் பாஸ்கூட மாறவில்லை.

இந்த ஊருக்கே அப்படி ஒன்று பெரிய அளவில் நடந்திருக்கிறது. பிளாக்பெர்ரி ஞாபகம் இருக்குமே. வாட்டர்லூதான் அதன் தலைமையகம். 2011இல் 2,000 பேர், 2013இல் 4,500 பேர் என்று உலகம் முழுக்க ஆள் குறைத்தார்கள். ஒரே பெரிய கம்பெனியை நம்பிய ஊர் என்ன ஆகும் என்று பத்திரிகைகள் இரங்கல் எழுதத் தயாராக இருந்தன. ஊர் சாகவில்லை. வேலை இழந்த இன்ஜினியர்களை வளர்ந்துவரும் சிறு கம்பெனிகளோடு சேர்த்துவைக்க கம்யூனிடெக் ஒரு திட்டமே நடத்தியது. கூகுள் இங்கே பெரிதாகி, 2016இல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பழைய ரப்பர் ஆலைக்குள் குடிபோனது. பிரதமர் ட்ரூடோ வந்து திறந்துவைத்தார். வெலாசிட்டியில் குட்டியாக ஆரம்பித்த பஃபர்பாக்ஸையும், பிறகு 'நார்த்' என்று பெயர் மாறிய தால்மிக் லேப்ஸையும் கூகுளே வாங்கியது. வாங்கிய பிறகு பஃபர்பாக்ஸை மூடிவிட்டது என்பது கொண்டாட்டப் பேச்சுகளில் வராத இன்னொரு தகவல்.

போன கோடையில் அப்பா சூப்பர் விசாவில் வந்திருந்தார். ஊர் சுற்றிக் காட்டும்போது டேனரிக்கும் கூட்டிப் போனேன். "இதுதான்பா நான் முதல்ல வேலை பார்த்த இடம்" என்றேன். வாசல் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டேனரின்னா நம்ம ஷாப்பு தானம்மா?"

"ஆமாப்பா. நூறு வருஷம் தோல்தான் பதனிட்டாங்க."

"அதையேவா பேரா வச்சிருக்காங்க?"

இந்தக் கேள்வியின் கனம் புரிய எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் தெரியணும். அப்பா பிறந்தது 1954, லாங் ஆலை மூடிய அதே வருடம். 16 வயதில் பேகம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தார். முதலில் சுண்ணாம்புக் குழி, பிறகு சதை சீவுவது, கடைசியில் டிரம். 26 வருடம். சுண்ணாம்பு தின்ற விரல் இடுக்குகளில் அப்பத்தா ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவார். டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொள்வார். எங்கள் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் அம்மா எழுதியது 'கூலி'. தோல் என்ற சொல்லை எழுதவே மாட்டார். யாருடைய தொழில் அது, எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது ஊருக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். 2012இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்தப் புத்தகத்தை நான் இங்கே வந்த பிறகுதான் படித்தேன். அப்பாவிடம் கொடுத்தபோது அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஷாப்பு போன விதமும் சொல்லணும். மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட தோல்தான் பல தலைமுறையாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1970களில் அரசு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்டதையும் அனுப்பாதே, முழுசாக முடித்த தோலை அனுப்பு, அதில்தான் லாபம் என்று கொள்கையை மாற்றியது. குரோம் உப்பு பெருகியது. பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை குரோமில் ஒரு நாளில் முடிந்தது. கழிவு எங்கே போவது? ஓடைக்கு, குளத்துக்கு, கிணற்றுக்கு. வேலூர்ப் பக்கம் பாலாறு என்ன ஆனதென்று எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறி, தென்னை காய்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகளை மூடணும், அசுத்தம் செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்கணும். திண்டுக்கல் மாவட்டமும் அதில் அடக்கம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிற தீர்ப்பு. நியாயமான தீர்ப்பு என்றுதான் நான் இன்றும் சொல்வேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவள் நான். அப்பாவின் ஷாப்பு அந்த வருடம் பூட்டியது பூட்டியதுதான். அப்பாவுக்கு 42 வயது. எனக்கு எட்டு. பிறகு ஒரு நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேனாகப் போனார். பணிக்கொடைக்காக இரண்டு வருடம் நடையாய் நடந்தார்.

டேனரி வாசலிலும் அப்பா கேட்டது அதைத்தான். உத்திரத்தைப் பார்த்தார், செங்கல்லைத் தட்டிப் பார்த்தார், காபி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "இங்க வேலை பார்த்தவங்கல்லாம் மூடினதும் எங்க போனாங்க?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1954இல் இந்த ஊரில் பக்கத்துக் கேட்டைத் தட்டினால் வேலை கிடைத்தது. ரப்பர் ஆலை, ஷ்னைடர்ஸ் இறைச்சி ஆலை, ஃபர்னிச்சர் ஆலை எல்லாம் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். நான் ஒரு மாடியிலிருந்தே அடுத்த வேலைக்குப் போனேனே, கிட்டத்தட்ட அப்படி. காஃப்மன் மூடும்போது அந்த வசதி பாதி போய்விட்டது. ஷ்னைடர்ஸ் ஆலை 2015இல் மூடியபோது, அதே ஊரில் மென்பொருள் கம்பெனிகள் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தன. இறைச்சி வெட்டிய கைக்கு அந்த வேலை கிடைக்காது என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"அப்ப இந்த ஆளுங்களுக்கும் அந்த ஆளுங்களுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார் அப்பா. கட்டடம் ஒன்றுதான் பொது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒரு கனவைச் சொன்னேன். நம்ம ஷாப்பையும் இப்படி ஆக்கினால் என்ன? சென்னை பின்னி மில்லில் சினிமா ஷூட்டிங் நடந்தது, அப்புறம் அடுக்குமாடி வந்தது. கோயம்புத்தூர் மில் நிலங்களில் கடைத்தொகுதி வருகிறது. திண்டுக்கல்லில் ஒரு ஹப் வரக்கூடாதா? பக்கத்திலேயே காந்திகிராமம் பல்கலைக்கழகம் இருக்கிறது, இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. அப்பா சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். ஷாப்பு இருந்த இடம் இப்போது லாரி நிறுத்துமிடம். கிணற்றைக் கல் போட்டு மூடியிருக்கிறார்கள். முதலில் மண்ணைத் தோண்டிப் பார்க்கணும், அதற்கு யார் காசு கொடுப்பது என்று தெரியணும். கிச்சனரில் நகர சபை சொத்து வரியை வைத்துப் பந்தயம் கட்டியது. நம் ஊர் நகராட்சிகளிடம் குழாய் மாற்றவே காசு இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே மாணவர்களைச் சில மாதம் படிப்பு, சில மாதம் வேலை என்று மாறி மாறி ஆலைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே ஒருவர் கண்டுபிடித்தது அவருக்கே சொந்தம். பல்கலைக்கழகம் பங்கு கேட்பதில்லை. கம்யூனிடெக் 1997இலேயே தொடங்கிவிட்டது, டேனரிக்கு வந்ததுதான் 2010இல். அதாவது ஆட்கள் முதலில் சேர்ந்தார்கள், கட்டடம் கடைசியில் கிடைத்தது. நிறைய ஊர்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய கட்டடத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, 'இன்னொவேஷன்' என்று பலகை மாட்டி, ரிப்பன் வெட்டிவிட்டு, ஆள் வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிச்சனரிலும் எல்லாம் இனிப்பாக இல்லை. டேனரி இருக்கிற அதே விக்டோரியா தெருவில் நடந்து, கிங் தெருவைத் தாண்டி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வெபர் தெரு மூலைக்குப் போனால், வீடில்லாதவர்கள் வருடக்கணக்காகக் கூடாரம் போட்டு வாழ்ந்த நிலம் இருக்கிறது. வட்டார நிர்வாகம் அவர்களை வெளியேற்ற நீதிமன்றம் போனது. 2023 ஜனவரியில் நீதிபதி மறுத்துவிட்டார்: தங்க வைக்கப் போதுமான படுக்கை உங்களிடம் இல்லாதபோது துரத்த முடியாது என்று. கனடா முழுக்கப் பேசப்பட்ட தீர்ப்பு. டேனரி வாசலிலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கிறது அந்த மூலை. நான் மாணவியாக 2012இல் வந்தபோது டவுன்டவுனில் பாதிக் கடைகள் காலி, வாடகை மலிவு. இப்போது அதே தெருக்களில் வானளாவிய குடியிருப்புகள். காஃப்மன் ஆலையே 'லாஃப்ட்' வீடுகளாகிவிட்டது. டேனரியில் மாடி துடைக்கிற அம்மா ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். லாங் ஆலைக் காலத்தில் தொழிலாளி சைரன் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார்.

இந்தப் புதுமைக்கெல்லாம் தீனி போட்டது மலிவு வாடகை. புதுமை வெற்றி பெற்றதும் முதலில் தின்றது அந்த மலிவு வாடகையைத்தான். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றாகி, டேனரியிலும் ஆள் நடமாட்டம் மெலிந்துபோனது. வெலாசிட்டி இப்போது மருந்தியல் பள்ளிக்குப் பக்கத்தில், ஜோசப் தெருவில் ஒரு பழைய கிடங்கை மாற்றிக் கட்டிய இடத்துக்குப் போய்விட்டது. திங்கள்கிழமை காலை டேனரிக்குள் போனால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்கு: ஐயான் ரயிலில் 'சென்ட்ரல் ஸ்டேஷன் – இன்னொவேஷன் டிஸ்ட்ரிக்ட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். இறங்கிய இடத்திலேயே காஃப்மன் கட்டடம், எதிரே மருந்தியல் பள்ளி, நாலு எட்டு வைத்தால் டேனரி. உள்ளே பெரும்பாலும் ஆபீஸ் என்பதால் எல்லா மாடிக்கும் போக முடியாது. செப்டம்பரில் 'டோர்ஸ் ஓபன்' என்று ஒருநாள் வட்டாரம் முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்துவிடுவார்கள், அப்போது வந்தால் இந்த ஊரை நன்றாகப் பார்க்கலாம். பிள்ளைகளோடு வந்தால் பத்து நிமிடம் நடந்து விக்டோரியா பார்க்குக்குப் போங்கள். ஏரியும் வாத்தும் உண்டு. ஊரில் கூலி வேலை, ஆலை வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்களைப் பார்க்க வந்திருந்தால் அவரைக் கட்டாயம் டேனரிக்கும் கூட்டி வாருங்கள். எனக்குப் பத்து வருடமாகக் கண்ணில் படாதது அப்பாவுக்கு ஐந்து நிமிடத்தில் பட்டது. தண்ணீர் எந்தப் பக்கம் வெளியே போயிருக்கும் என்று தெருவின் சரிவை வைத்தே கையைக் காட்டினார்.

அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள்: தாத்தா பாட்டி என்ன தொழில் செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, படம் வரைந்து வரணும். நாலாம் வகுப்பு. அவள் போனில் அப்பாவை அழைத்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஊறவைப்பது, சுண்ணாம்பு, சதை சீவுகிற கத்தி, டிரம் சுற்றுகிற சத்தம் எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டாள். தலைப்பு, 'என் தாத்தா 26 வருடம் டேனரியில் வேலை பார்த்தார்'. அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பில் டீச்சர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஆர்வமாகக் கேட்டார்: "டேனரியிலா? எந்த கம்பெனி?"

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். "கூகுள்னு சொல்லிரு" என்றார்.